குடும்ப ஜெபம் தவறவில்லை, குணம் மட்டும் ஏன் மாறவில்லை?

"இரவு ஜெபம் ஒரு நாளும் தவறுவதில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் (15, 11, 7 வயது) வசனங்கள் மனப்பாடம். ஆனால் ஆமென் சொன்ன வாய் மூடுவதற்குள் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. மூத்தவன் இப்போது ஜெபத்துக்கு வரவே முரண்டு பிடிக்கிறான். பிள்ளைகளுக்குள் கிறிஸ்தவ குணத்தைக் கொண்டுவர என்ன செய்வது? குடும்பமாக வளர்வது எப்படி? எவ்வளவு காலத்தில் மாற்றம் தெரியும்?" இப்படி ஒரு தாய் கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் சகோதரி.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பிள்ளைகளுக்குள் குணத்தைக் கொண்டுவருவது ஒன்று, குடும்பமாக வளர்வது இன்னொன்று. முதலாவதில் நாம் வாத்தியார், பிள்ளைகள் மாணவர்கள். இரண்டாவதில் நாமும் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டும். இரண்டாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் செய்யப் பார்த்துத்தான் பல பெற்றோர் களைத்துப்போகிறார்கள். நானும் அதில் ஒருவன். ஞாயிறு பள்ளியில் ஏறக்குறைய இருபது வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அங்கே பிறர் பிள்ளைகளிடம் காட்டிய பொறுமையில் பாதியைக்கூட என் வீட்டில் காட்டியதில்லை. வேண்டுமானால் என் மனைவியிடம் கேட்டுப் பாருங்கள்.

முதலில் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். எபிரெயர் 1:3-இல் இயேசுவைப் பற்றி "அவருடைய தன்மையின் சொரூபமுமாயிருந்து" என்று வாசிக்கிறோம் அல்லவா? அங்கே "சொரூபம்" என்பதற்குக் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் "கரக்டேர்". நாம் சாதாரணமாகச் சொல்லும் "கேரக்டர்" இதிலிருந்து வந்ததுதான். நாணயத்தில் அச்சு குத்தும்போது பதிகிற உருவத்தைக் குறிக்கிற சொல் அது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது, அதுவும் கிறிஸ்துவைக் குறித்து. ரோமர் 8:29 நம்மைப் பற்றிச் சொல்லும்போது, அந்தக் குமாரனுடைய சாயலுக்கு ஒப்பாவதே நோக்கம் என்கிறது. அப்படியானால் அச்சு அவர்தான். அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சின் கீழ் கிடக்கிற இரண்டு உலோகத் துண்டுகள். நடைமுறையில் நாம் செய்வது என்னவென்றால், நம்முடைய அச்சைப் பிள்ளைமேல் குத்தப் பார்க்கிறோம். நமக்குச் சத்தம் பிடிக்காது, அதனால் பிள்ளை "சாந்தமாக" இருக்க வேண்டும். நமக்கு மற்றவர்கள் முன் மரியாதை வேண்டும், அதனால் பிள்ளை "கீழ்ப்படிதலாக" இருக்க வேண்டும். ஆவியின் கனியின் (ஆவியானவர் நமக்குள் வளர்க்கிற அன்பு, சாந்தம் முதலான ஒன்பது குணங்கள்) பெயரை நம் வசதிக்கு ஒட்டிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு இது சீக்கிரமே புரிந்துவிடும், அதுவும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே புரியும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். என் மகனுக்கு அப்போது பத்து வயது. ஒரு நாள் காலையில் வண்டிச் சாவியைக் காணவில்லை. அவன் முந்தின நாள் அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்திருந்தேன். அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "எங்கடா வச்சே?" என்று ஆரம்பித்து, அவனுடைய மறதி, பொறுப்பின்மை, படிப்பு வரைக்கும் போய்விட்டேன். அவன் "நான் எடுக்கலப்பா" என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாவது முறை சொல்லவில்லை. மனைவியின் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மத்தியானம் பேனா எடுக்கச் சட்டைப் பைக்குள் கை விட்டால் சாவி அங்கே இருக்கிறது.

அதற்கப்புறம் நான் செய்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, யாரும் பார்க்காத நேரத்தில் சாவியை அதன் கொக்கியில் மாட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்துவிட்டேன். இரவு ஜெபத்தில் 1 கொரிந்தியர் 13, அன்பைப் பற்றின அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாக வாசிப்பது எங்கள் வழக்கம். ஐந்தாம் வசனம் அவனுக்கு வந்தது. "சினமடையாது, தீங்கு நினையாது" என்று வாசித்துவிட்டு, தலையை நிமிர்த்தாமல் கண்ணை மட்டும் உயர்த்திக் கொக்கியைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சாவி தொங்குவதைப் பார்த்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். நான் அடுத்த வசனத்துக்கு மகளைக் கூப்பிட்டேன், கடைசியில் அழகாக ஒரு ஜெபமும் பண்ணினேன்.

தூக்கம் வரவில்லை. பதினொரு மணிக்குமேல் அவன் அறைக் கதவருகே போய் நின்றேன். அவனும் விழித்துத்தான் இருந்தான். "சாவி என் பையில்தான் இருந்தது. உன்னைத் திட்டினது தப்பு. கிடைச்சப்புறம் சொல்லாம மறைச்சது அதைவிடத் தப்பு. மன்னிச்சிரு" என்றேன். "சரிப்பா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கட்டிப்பிடித்து அழுதோம் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதமே அவன் ஒரு பொருளை உடைத்துவிட்டு மறைத்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வாசல் திறந்தது. "தப்பு பண்ணிட்டேன்" என்று சொன்னாலும் இந்த வீட்டில் உயிரோடு இருக்கலாம் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்தது. அதற்குமுன் அவர்கள் அதைக் கண்ணால் பார்த்ததில்லை, கேள்விதான் பட்டிருந்தார்கள்.

யாக்கோபு 5:16 "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது. "ஒருவருக்கொருவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டுக்குள் அறிக்கை எப்போதும் கீழிருந்து மேலேதான் போகிறது, பிள்ளை பெற்றோரிடம், சின்னவன் பெரியவனிடம். மேலிருந்து கீழே ஒரு முறை வந்து பார்க்கட்டும். எப்படி மன்னிப்புக் கேட்பது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. "நான் கத்தினது தப்புதான், ஆனா நீ ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தால் அது மன்னிப்புக் கேட்பது ஆகாது, இரண்டாவது ரவுண்டு திட்டு. பிள்ளை செய்த தப்பு நிஜமாகவே இருந்தால் அதை வேறொரு நேரத்தில் பேசுங்கள். நீங்கள் செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள்: கத்தினேன், பொய்யாகக் குற்றம் சாட்டினேன், வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை. "ஏதாவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சிரு" என்பதில் எந்தத் தப்பும் ஒத்துக்கொள்ளப்படவில்லை. அப்புறம், பிள்ளை உடனே மன்னிக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சிரித்த முகத்துக்காகக் காத்திருப்பதும் ஒருவகை வற்புறுத்தல்தான்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் அடித்துவிட்டு வாராவாரம் மன்னிப்புக் கேட்கிற வீட்டுக்கு நான் எழுதுவது பொருந்தாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பும் வெளியாள் உதவியும். குணவளர்ச்சியைப் பற்றியெல்லாம் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சரி, பிள்ளைகளின் சண்டைக்கு வருவோம். வேதத்தில் குடும்பங்களைத் தேடிப் போனால் முன்மாதிரிக் குடும்பம் கிடைப்பது அபூர்வம். ஆதியாகமத்தை ஒரே மூச்சில் வாசித்தால் ஒரே தப்பு தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது தெரியும். ஆபிரகாம் பயத்தில் தன் மனைவியைச் சகோதரி என்று சொன்னான், அதையும் இரண்டு முறை. அவன் மகன் ஈசாக்கும் அதையே சொன்னான். இரட்டைப் பிள்ளைகளில் ஈசாக்கு ஏசாவையும், அவன் மனைவி ரெபெக்காள் யாக்கோபையும் நேசித்தார்கள் என்று 25:28 ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது. அந்த யாக்கோபு வெள்ளாட்டுக் குட்டியின் தோலைக் கையில் கட்டிக்கொண்டு தகப்பனை ஏமாற்றினான். பல வருடம் கழித்து அவனுடைய மகன்கள் யோசேப்பின் அங்கியை வெள்ளாட்டுக் கடாவின் இரத்தத்தில் தோய்த்து அவனை ஏமாற்றினார்கள். அன்றைக்கும் ஆடு, இன்றைக்கும் ஆடு. பாரபட்சத்தால் தான் பட்டது போதாதென்று, தன் பிள்ளைகளில் ஒருவனுக்கு மட்டும் பலவருண அங்கியைப் போட்டு அழகு பார்த்தவனும் அதே யாக்கோபுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் பிள்ளைகள் சண்டை போடுகிற விதத்தை ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். திருத்த வேண்டாம், கவனித்தால் போதும். யார் கத்துகிறார்கள், யார் பேச்சை நிறுத்திக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள், யார் போன வருடத்துக் கணக்கையெல்லாம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் நீங்களும் உங்கள் கணவரும் வாக்குவாதம் பண்ணும் விதத்தை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நகல் எது, மூலம் எது என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. என் மகள் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டாள். எங்கிருந்து இந்தப் பழக்கம் என்று நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டபோது, மனைவி என்னைப் பார்த்தது கொஞ்சம் அதிக நேரம்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்ற எபேசியர் 4:26-ஐப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைப்பது சுலபம். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டார்கள், அப்புறம் சமாதானம் ஆனார்கள் என்பதில் பிள்ளை பார்ப்பது முதல் பாதியை மட்டும்தான். சண்டை ஹாலில் நடக்கிறது, சமாதானம் பூட்டின அறைக்குள் நடக்கிறது. இரண்டாவது பாதியில் கொஞ்சமாவது அவர்கள் கண்ணில் படட்டும். "காலையில் நான் அப்பாகிட்ட பேசின விதம் சரியில்லை, அவர்கிட்ட சொல்லிட்டேன்" என்று ஒரே ஒரு வாக்கியம் போதும்.

இப்போது குடும்ப ஜெபம். ஜெபம் நடந்தும் குணம் மாறவில்லையே என்பதற்காக அதை விட்டுவிட வேண்டாம். ஆனால் அதன்மேல் சுமக்க முடியாத பாரத்தை ஏற்றியிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. உபாகமம் 6:7-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது பேசு என்கிறது. நான்கில் ஒன்றுதான் உட்கார்ந்து பேசுவது. நாம் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு, உட்கார்ந்திருக்கிற நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறோம்.

ஜெர்மானியச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1528-இல் சபைகளைப் பார்வையிடப் போய், ஜனங்களுக்கு அடிப்படைகூடத் தெரியாததைக் கண்டு நொந்துபோய் வந்தார். அடுத்த வருடம் சிறிய ஞானோபதேசத்தை வெளியிட்டார். விசுவாசத்தின் அடிப்படைகளைக் கேள்வி பதிலாகச் சொல்லும் கையடக்கமான புத்தகம். அதன் பகுதிகளுக்கு மேல், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு இதை எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்று தலைப்புப் போட்டிருப்பார். அதில் காலைக்கும் இரவுக்கும் ஒவ்வொரு சின்ன ஜெபம் இருக்கிறது. இரவு ஜெபம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டுமாம்? உடனே சந்தோஷமாகத் தூங்கப் போக வேண்டுமாம். எனக்கு அந்த வரி ரொம்பப் பிடிக்கும். ஏழு வயதுப் பிள்ளை கண்ணைச் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அப்பா உலக நாடுகளுக்காகவெல்லாம் ஜெபித்துக்கொண்டிருக்கும் வீடுகளில் அந்த வரியை எழுதி ஒட்டலாம். பத்து நிமிடம் போதும். ஒரு சின்னப் பகுதி, ஒரு கேள்வி, ஒவ்வொருவருக்காகவும் பெயர் சொல்லி ஒரு வரி ஜெபம். அந்த ஜெபத்தில் "ஆண்டவரே, இவன் இனிமேலாவது ஒழுங்கா படிக்கணும்" என்று பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதைக் கர்த்தரிடம் சொல்லாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற திட்டு அது. உங்கள் மூத்தவன் வர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமா என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெபத்துக்கு வெளியே குணத்தைப் பழகுவதற்கு எங்கள் வீட்டில் கொஞ்சம் பலன் தந்தது ஒன்று உண்டு. ஆவியின் கனியின் ஒன்பது குணங்களையும் ஒரேயடியாகப் பிடிக்கப் போகாமல் ஒன்றே ஒன்றை, அதுவும் செயலாக உடைத்து, ஒரு மாதம் எடுத்துக்கொள்வது. கலாத்தியர் 5:22-இல் "கனி" ஒருமையில் இருப்பது உண்மைதான், எல்லாம் சேர்ந்து வளர்கிற ஒரே கனி. ஆனாலும் 2 பேதுரு 1:5-7, விசுவாசத்தோடே தைரியம், தைரியத்தோடே ஞானம் என்று படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போகிறது, அதற்கு "அதிக ஜாக்கிரதை" வேண்டும் என்றும் சொல்கிறது. ஆவியானவர் வளர்க்கிறார், நாமும் மண்ணைக் கொத்திவிட வேண்டியிருக்கிறது. "பொறுமையாக இருக்கணும்" என்றால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. நாங்கள் எடுத்துக்கொண்டது யாக்கோபு 1:19, "கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும்". அதைச் செயலாக உடைத்தபோது கிடைத்தது: மற்றவர் வாக்கியத்தை முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி. யார் குறுக்கிட்டாலும் யார் வேண்டுமானாலும் விரலைத் தூக்கலாம்.

முதல் நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும் என் மகள் சொன்னாள்: "அப்பா 11." அம்மா பேசும்போது நான் குறுக்கே பேசினதை மட்டும் எண்ணியிருக்கிறாள். தம்பி இரண்டு, அவள் மூன்று. மனைவி சிரித்தாள். எனக்கு உடனே சிரிப்பு வரவில்லை. மாதக் கடைசியில் என் எண்ணிக்கை நான்குக்கோ ஐந்துக்கோ இறங்கியது. அதைவிட முக்கியமாக, தம்பி பேசத் தடுமாறும்போது அக்கா காத்திருப்பதை அந்த மாதத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தேன். அடுத்த மாதம் வேறொன்று எடுத்தோம், பாதியில் மறந்துபோனோம். பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை: நட்சத்திரம் ஒட்டுகிற அட்டவணை, பரிசு என்றெல்லாம் போகாதீர்கள். சில வாரங்களிலேயே பரிசுக்காகத் தம்பியைக் காட்டிக்கொடுப்பது ஆரம்பித்துவிடும்.

மூன்று பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஒவ்வொருவருடனும் தனித்தனியே இருப்பது குதிரைக்கொம்பு. இங்கிலாந்தைச் சேர்ந்த சூசன்னா வெஸ்லி என்ற தாய்க்குப் பத்தொன்பது பிள்ளைகள் பிறந்தார்கள், பத்துப் பேர்தான் பிழைத்தார்கள். அப்படியிருந்தும் வாரத்தில் ஒவ்வொரு மாலையையும் ஒவ்வொரு பிள்ளைக்கென்று ஒதுக்கி, தனியாக உட்கார்ந்து பேசியதாக 1712-இல் கணவருக்கு எழுதிய கடிதத்தில் சொல்கிறார். மகன் ஜானுக்கு வியாழக்கிழமை. பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஜான் வெஸ்லிதான். வளர்ந்து பெரியவரான பிறகும் அந்த வியாழன் மாலைகளை நினைத்து ஏங்கித் தாய்க்கு எழுதியிருக்கிறார். சூசன்னாவை முழுக்க முழுக்க முன்மாதிரியாக நான் வைக்கமாட்டேன். ஒரு வயதிலேயே பிரம்புக்குப் பயப்படவும் சத்தமில்லாமல் அழவும் பழக்கினதாக அவரே எழுதுகிறார், அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் மகனுக்கு நினைவில் தங்கியது எது என்று பாருங்கள். தினம் முடியாவிட்டால் வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரு பிள்ளைக்கு. போனை அணைத்து வேறு அறையில் வைத்துவிட்டு.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். வேதத்தில் மூன்று விதமான தோல்விகளைப் பார்க்கலாம். ஆசாரியனாகிய ஏலி தப்பு வழியில் போன தன் மகன்களிடம் பேசினான், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டான், ஆனால் தடுக்கவில்லை. தாவீது ராஜா, தங்கையைக் கெடுத்த தன் மகன் அம்னோன் விஷயத்தில் "வெகு கோபமாயிருந்தான்", அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் செய்ததாக இல்லை. இன்னொரு மகன் அதோனியா விஷயத்தில் ஏன் இப்படிச் செய்கிறாய் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பேச்சு இருந்து தடுப்பு இல்லை, கோபம் இருந்து நடவடிக்கை இல்லை, கடைசியில் பேச்சே இல்லை. எபேசியர் 6:4 தகப்பன்மாரிடம் கேட்பது இதற்கெல்லாம் வேறானது. பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் வளருங்கள் என்கிறது. ரோமச் சட்டத்தில் தகப்பனுக்குப் பிள்ளைகள்மேல் ஏறக்குறைய எல்லையில்லாத அதிகாரம் இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் தகப்பனைப் பார்த்து, பிள்ளையின் மனசைக் கிளறிவிடாதே என்று எழுதியது சாதாரண விஷயமில்லை. "வளர்ப்பீர்களாக" என்ற இடத்திலுள்ள கிரேக்கச் சொல்லே முந்தின அதிகாரத்தில் 5:29-இல் "போஷித்து" என்று வருகிறது. சொந்த உடம்பை ஊட்டி வளர்ப்பதுபோல என்று அர்த்தம். "சிட்சை" என்றதும் நமக்குப் பிரம்புதான் ஞாபகம் வருகிறது. மூலத்தில் அது பயிற்சி முழுவதையும் குறிக்கும். 2 தீமோத்தேயு 3:16-இல் "நீதியைப் படிப்பிக்குதல்" என்று வருவதும் அதே சொல்தான்.

நடைமுறையில் இது எளிமையானது, ஆனால் கடினம். தப்புக்கு என்ன விளைவு என்பதை முன்னாடியே சொல்லிவையுங்கள், கோபம் இல்லாமல் அதை நிறைவேற்றுங்கள், முடிந்ததும் மறுபடி எடுக்காதீர்கள். கோபம் உச்சத்தில் இருக்கும்போது "இப்ப என்னால சரியா பேச முடியாது, அரை மணி கழிச்சுப் பேசலாம்" என்று எழுந்து போனாலே போதும். இச்சையடக்கத்தைப் பற்றிப் பத்துப் பிரசங்கம் கேட்டாலும் பிள்ளைக்குக் கிடைக்காதது அந்த அரை மணியில் கிடைக்கும்.

மூத்தவனைப் பற்றி. பதினைந்து வயதில் ஜெபத்துக்கு வரமாட்டேன் என்பது எப்போதும் விசுவாசத்தை மறுப்பது ஆகாது. பல நேரம் பொய்யாக உட்கார மறுப்பதுதான். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. பத்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து இருப்பது வீட்டு ஒழுங்கு என்று கேட்கலாம், கேட்க வேண்டும். வாய் திறந்து ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். இயேசுவின் சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் 7:5 சொல்கிறது, அதுவும் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள். பிறகு அப்போஸ்தலர் 1:14-இல் அவர்கள் மேலறையில் தாயோடு சேர்ந்து ஜெபித்துக்கொண்டிருக்கிறார்கள். மூத்தவனிடம் ஒரு நாள் தனியே, "ஜெப நேரத்தில் உனக்கு எது கஷ்டமாயிருக்கு?" என்று கேளுங்கள். அவன் சொல்வதற்குப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். வலிக்கும். என் மகன் இதே வயதில் "நீங்க ஜெபம் பண்ணும்போது வேற ஆள் மாதிரி பேசுறீங்கப்பா" என்றான். அன்றிலிருந்து என் ஜெபத்தில் சொற்கள் குறைந்தன.

கணவர் இதில் ஒத்துழைப்பாரா என்பதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. ஒருவேளை தனியாகத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், பவுலின் உடன் ஊழியனான தீமோத்தேயுவை நினைத்துக்கொள்ளுங்கள். அவனுடைய தகப்பன் கிரேக்கன், தாய் ஐனிக்கேயாளும் பாட்டி லோவிசாளும் விசுவாசிகள். பவுல் அவனுடைய விசுவாசத்தின் வழியைத் தேடிப் போகும்போது பெயர் சொல்வது இந்த இரண்டு பெண்களைத்தான்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். யாக்கோபின் வீட்டுக்கே திரும்பப் போகிறேன். தம்பியைக் கொல்வதில் என்ன லாபம், விற்றுவிடுவோம் என்று யோசனை சொன்னவன் யூதா. இருபது வெள்ளிக்காசு. யோசேப்புக்கு அப்போது பதினேழு வயது. பார்வோன் முன் நின்றபோது முப்பது, அப்புறம் ஏழு வருடம் விளைச்சல், இரண்டு வருடம் பஞ்சம். ஆக, 22 வருடம் கழித்துத்தான் யூதா, எகிப்தில் பெரிய அதிகாரியாகிவிட்ட அந்தத் தம்பி முன்னால் நிற்கிறான், அவன்தான் என்று தெரியாமலேயே. இந்த முறை மாட்டிக்கொண்டது பென்யமீன், அப்பாவின் புதுச் செல்லம். அப்பா மாறவே இல்லை. யோசேப்பையும் பென்யமீனையும் பெற்ற ராகேலை மட்டும் நினைத்து, "என் மனைவி எனக்கு இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்" என்று சொன்னவர் அவர். லேயாளும் அவருடைய மனைவிதான், யூதா அவளுடைய மகன். தன் தாயை எண்ணிக்கையிலேயே சேர்க்காத அந்த வார்த்தையை யூதா தன் வாயால் அந்த அதிகாரி முன் அப்படியே எடுத்துச் சொல்கிறான். சொல்லிவிட்டு, அந்தப் பையன் இல்லாமல் போனால் எங்கள் அப்பா செத்துப்போவார், அவனை அனுப்பிவிடுங்கள், அவனுக்குப் பதிலாக நான் அடிமையாக இருக்கிறேன் என்கிறான். அதற்குமேல் யோசேப்பால் அடக்கிக்கொள்ள முடியவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, எகிப்தியர் காதில் விழும்படி சத்தமிட்டு அழுதான்.